கரடி வந்தால் யார் பொறுப்பு?

என் அக்கா மகன் கல்லூரி நண்பர்களோடு கொடைக்கானலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். ஓட்டலில் அறை எடுக்கவில்லை. ஊரை விட்டுத் தள்ளி, மலைச்சரிவில் கூடாரம் போட்டு இரண்டு ராத்திரி தங்குவதாகத் திட்டம். ராமநாதபுரம் கரையில் இருக்கிற மண்டபம் ஊரில், அக்கா வீட்டுத் திண்ணையில் பை கட்டுகிற வேலை நடந்தது. அக்கா நெத்திலிக் கருவாட்டை மொறுமொறுவென்று வறுத்து ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டுவந்து வைத்தாள். "குளிருக்கு நல்லா இருக்கும்டா."

"அதக் கூடாரத்துக்குள்ள வச்சுக்காதே, கரடி கிரடி வரும்" என்றேன் நான்.

அவன் சிரித்தான். "வந்தா மூச்சப் பிடிச்சுக்கிட்டு செத்த மாதிரி படுத்துருவேன் மாமா. காதுல ஏதாவது சொல்லிட்டுப் போயிரும்."

நாம் எல்லோரும் பள்ளியில் படித்த கதைதான். இரண்டு நண்பர்கள் காட்டு வழியே போகிறார்கள். கரடி வருகிறது. ஒருவன் மரத்தில் ஏறிக்கொள்கிறான், மரம் ஏறத் தெரியாதவன் பிணம் போல் படுத்துக்கொள்கிறான். நட்பைப் பற்றிச் சொல்லும்போது நல்ல கதை. கரடியைப் பற்றி என்றால் இரண்டு பேருமே மாட்டியிருப்பார்கள். நம் காட்டுக் கரடி நன்றாக மரம் ஏறும். செத்ததைத் தொடாது என்பதும் பொய். கரடிகள் செத்த விலங்கையும் தின்னும். நம்மில் பலருக்குக் கரடியைப் பற்றிய படிப்பு அந்த இரண்டாம் வகுப்புப் பாடத்தோடு முடிந்துவிட்டது.

பொறுப்பைப் பற்றிய பேச்சும் அப்படித்தான் இருக்கிறது. மலையில் யாரையாவது விலங்கு தாக்கிவிட்டதாகச் செய்தி வந்தால் டீக்கடையில் இரண்டே தீர்ப்புகள். "காட்டுக்குள்ள இவனை யார் போகச் சொன்னது?" என்பது ஒன்று. "வனத்துறை என்ன தூங்குச்சா?" என்பது இன்னொன்று. டீ ஆறுவதற்குள் வழக்கு முடிந்துவிடும்.

எங்கள் ராமநாதபுரம் கரையில் கரடி கிடையாது. பனையும் சீமைக் கருவேலமும் கடலும்தான். ஆனாலும் யார் சொல்லையும் கேட்காத ஒன்றின் பக்கத்திலேயே பரம்பரை பரம்பரையாக வாழ்கிறவர்கள் நாங்கள். அதனால் இந்த விஷயத்தைக் கடற்கரையிலிருந்தே விளக்கிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

கரடிக்கு நம் மேல் என்ன கோபம்?

உலகத்தில் கரடி இனங்கள் மொத்தம் 8. அவற்றில் 4 இந்தியாவில் உண்டு. தமிழ்நாட்டுக் காடுகளில் இருப்பது ஒரே இனம்: கறுத்த சடைமயிரும், நெஞ்சில் வெள்ளை வளைவும், நீண்ட நகங்களும் உள்ள கரடி. அதன் முக்கியச் சாப்பாடு கறையானும் எறும்பும். புற்றைத் தோண்டி, மூக்கை வைத்து உறிஞ்சும். பழம், தேன், இலுப்பைப்பூ எல்லாம் பிடிக்கும். குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கும். மனிதனைத் தின்பதற்கு அது தேடி வருவதில்லை.

அப்படியானால் ஏன் அடிக்கிறது? இதற்கு எங்கள் கரையில் திருக்கை மீன்தான் நல்ல உதாரணம். ஆழமில்லாத இடத்தில் மணலுக்குள் புதைந்து கிடக்கும். தெரியாமல் மிதித்தால் வாலைச் சுழற்றி முள்ளை ஏற்றிவிடும். குத்து வாங்கியவனுக்கு அன்றைக்கு உலகமே இருண்டுபோகும். ஆனால் திருக்கை யாரையும் துரத்திக்கொண்டு வருவதில்லை. அதனால்தான் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடக்கச் சொல்வார்கள். அதிர்வு தெரிந்தால் அதுவே விலகிப் போய்விடும்.

நம் கரடியும் பெரும்பாலும் அந்த ரகம். புலியும் சிறுத்தையும் உலவுகிற காட்டில் வளர்ந்த விலங்கு. திடீரென்று எதிரே ஏதாவது வந்தால் ஓடுவதைவிட முந்திக்கொண்டு அடிப்பதுதான் அதன் சுபாவம். குட்டி கூட இருந்தால் கேட்கவே வேண்டாம். எழுந்து நின்று முகத்தைக் குறிவைக்கும். இந்தியாவில் அதனிடம் அடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் கூடாரக்காரர்கள் கிடையாது. விறகு பொறுக்கப் போனவர்கள், மாடு மேய்த்தவர்கள், வயலுக்கும் தோட்டத்துக்கும் நடந்தவர்கள். இருட்டும் நேரத்தில், தனியாக, சத்தமில்லாமல் நடந்து போய் மூன்றடி தூரத்தில் கரடியைச் சந்தித்தவர்கள். கூட்டமாகப் பேசிக்கொண்டு நடந்தால் ஆபத்தில் பாதி குறையும் என்று மலையில் சொல்வது இதனால்தான். எங்கள் காலைத் தேய்த்து நடப்பதும் அவர்களுடைய சத்தம் போட்டு நடப்பதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

இதற்குத் தற்காப்புத் தாக்குதல் என்று பெயர். பயந்த விலங்கு, பயத்தைப் போக்கிக்கொள்ளச் செய்வது. பயம் நீங்கினால் தாக்குதலும் நிற்கும். குப்புறப் படுத்துக் கழுத்தைக் கைகளால் மூடிக்கொண்டு அசையாமல் இருங்கள் என்கிற அறிவுரை இந்த வகைத் தாக்குதலுக்கு மட்டும் பொருந்தும். பள்ளிக்கூடக் கதையில் இருக்கிற துளி உண்மை அவ்வளவுதான்.

கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு ராத்திரி உள்ளே வருகிற கரடி வேறு ரகம். அது பயந்துபோய் வருவதில்லை. அதனிடம் படுத்துக் கிடந்தால் கதை முடிந்தது. கையில் கிடைத்ததை எடுத்து எதிர்த்துப் போராடுங்கள் என்பதுதான் அமெரிக்கப் பூங்காக்களின் அறிவுரை. இந்த இரண்டாவது ரகம் எப்படி உருவாகிறது என்பதில்தான் பொறுப்பு என்கிற கேள்வி தொடங்குகிறது.

அக்னி தீர்த்தத்து மாடுகள்

ராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையில் அமாவாசையன்று போய் நின்று பாருங்கள். தர்ப்பணம் முடித்தவர்கள் மாட்டுக்கு அகத்திக்கீரை வாங்கிக் கொடுப்பார்கள். அங்கே இரண்டு வகையான மாடுகள் உண்டு. ஒன்று சாலை நடுவில் படுத்திருக்கும். பஸ் ஹாரன் அடித்தாலும் காதை ஆட்டுவதோடு சரி. இன்னொன்று நீங்கள் துணிப்பையோடு வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு நேராக வரும், பைக்குள் மூக்கை விடும், விலக்கினால் முட்டும்.

முதல் மாட்டுக்கு வந்திருப்பது பழகிப்போதல். மனிதர் அருகில் வந்தாலும் கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை என்று பலமுறை பார்த்ததால் பயம் விட்டுப்போன நிலை. இரண்டாவது மாட்டுக்கு வந்திருப்பது உணவுப் பழக்கம். மனிதர் இருக்கும் இடத்தில் சாப்பாடு இருக்கும் என்று கற்றுக்கொண்ட நிலை. முதலாவதில் விலங்கு நம்மைக் கண்டுகொள்வதில்லை. இரண்டாவதில் நம்மைத் தேடி வருகிறது. மாடாக இருந்தால் வேட்டி கிழிவதோடு போகும்.

கரடிக்கு இந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தது மனிதர்கள்தான். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஒரு காலத்தில் விடுதிக் குப்பையைத் திறந்தவெளியில் கொட்டி, கரடிகள் வந்து தின்பதைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகளுக்கு இருக்கை போட்டிருந்தார்கள். வேடிக்கைக்கு விலை இருந்தது: 1931 முதல் 1969 வரை அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 48 பேர் கரடிகளால் காயம்பட்டார்கள். அதே காலத்தில் மொன்டானா மாநிலத்தின் கிளேசியர் தேசியப் பூங்காவில், 1967 ஆகஸ்டு மாதம் ஒரே ராத்திரியில், வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு கரடிகளிடம் சிக்கி இரண்டு இளம்பெண்கள் இறந்தார்கள். இரண்டு இடங்களிலும் கரடிகளுக்கு மனிதச் சாப்பாட்டின் ருசி முன்பே தெரிந்திருந்தது. அதற்குப் பிறகுதான் பூங்காக்கள் விழித்துக்கொண்டன. யெல்லோஸ்டோனில் குப்பைக் கிடங்குகளை மூடினார்கள். தொடக்கத்தில் சிரமம் இருந்தாலும் 1980-களுக்குப் பிறகு காயம்படுகிறவர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒருவர் என்ற அளவுக்கு வந்துவிட்டது. கரடி அதே கரடிதான், காடும் அதே காடுதான். மாறியது குப்பை.

கலிபோர்னியாவின் யோசமிட்டி பூங்காவில் இன்னும் வேடிக்கை. அங்கே கரடிகள் சாப்பாட்டு வாசனை வருகிற கார்களின் கதவைப் பிளந்து உள்ளே போகக் கற்றுக்கொண்டன. 1998-இல் மட்டும் 1,500-க்கும் மேற்பட்ட சம்பவங்கள். கரடிக்குத் திறக்க வராத இரும்புப் பெட்டிகளை முகாம்தோறும் வைத்து, சாப்பாட்டை அதில்தான் வைக்க வேண்டும் என்று கண்டிப்பாக்கிய பிறகு அது பெருமளவு குறைந்துபோனது.

நம் பக்கத்திலும் இது உண்டு. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற கோயில்களில் புகுந்து விளக்கில் இருக்கிற எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிற கரடி அடிக்கடி செய்தியில் வரும். சிவபூஜையில் கரடி என்பதை நாம் பழமொழியாகச் சொல்கிறோம். அங்கே பூசாரி அதைப் போலீஸில் சொல்கிறார்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான். பயந்த கரடி அடிக்கும். அதற்கு நாம் சத்தம் கொடுத்து விலகிப் போக வாய்ப்புத் தர வேண்டும். மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடி தேடி வரும். அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியது யாரோ ஒரு மனிதர். அந்த யாரோ பெரும்பாலும் நேற்றோ போன வாரமோ அங்கே தங்கிவிட்டுப் போனவர். அடிபடுகிறவர் இன்றைக்கு வந்தவர்.

2007 ஜூன் 17

இனிப் பொறுப்புக்கு வருவோம். இதற்கு ஒரு நிஜ வழக்கே இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் அமெரிக்கன் ஃபோர்க் பள்ளத்தாக்கு என்று ஒரு மலைக்காடு. நிலம் மத்திய அரசின் வனத்துறைக்குச் சொந்தம். விலங்குகளைக் கவனிப்பது மாநில அரசின் வனவிலங்குத் துறை.

அன்று விடியற்காலையில் அங்கே கூடாரம் போட்டுப் படுத்திருந்த ஒருவரைக் கருங்கரடி ஒன்று தாக்கியது. அவர் தப்பித்துக்கொண்டார். தகவலும் சொல்லிவிட்டார். மாநிலத் துறை ஆட்கள் வேட்டை நாய்களோடு வந்து பகலெல்லாம் தேடினார்கள். அதைக் கொல்ல வேண்டிய அளவு ஆபத்தான கரடி என்றும் முடிவு செய்துவிட்டார்கள். ஆனால் அது அகப்படவில்லை. சாயங்காலம் கிளம்பிப் போய்விட்டார்கள்.

அதே சாயங்காலம் ஒரு குடும்பம் வந்தது. அம்மா, மாற்றாந்தந்தை, பிள்ளைகள். விடியற்காலையில் கரடி வந்த அதே இடத்தில் கூடாரம் போட்டார்கள். வழியில் யாரும் நிறுத்திச் சொல்லவில்லை. பலகை இல்லை, கயிறு கட்டி அடைக்கவில்லை. ராத்திரி கரடி திரும்பி வந்தது. கூடாரத்தைக் கிழித்து, 11 வயதுப் பையனை இழுத்துக்கொண்டு போனது. மறுநாள் கரடியைக் கண்டுபிடித்துக் கொன்றார்கள்.

"காட்டுக்கு ஏன் போனார்கள்" என்ற டீக்கடைத் தீர்ப்பை இங்கே சொல்லிப் பாருங்கள். வாய் வராது. மக்கள் கூடாரம் போடுவதற்கென்றே இருக்கிற காடு அது. சரி, "அரசாங்கம்தான் கொன்றது" என்று சொல்லலாமா? அதுவும் சரியாக வரவில்லை. கரடியை யாரும் ஏவிவிடவில்லையே.

பாம்பன் கூண்டு

இங்கே எங்கள் ஊர் உதவிக்கு வருகிறது. வங்கக் கடலில் காற்றழுத்தம் உருவானால் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். 1-ஆம் எண் என்றால் தூரத்தில் ஏதோ இருக்கிறது, உஷார். எண் 11 வரை உண்டு. கூண்டு ஏறினால் மீன்வளத்துறை விசைப்படகுகளுக்கு அன்றைய டோக்கனைக் கொடுக்காது. டோக்கன் இல்லாமல் படகு கடலுக்குள் போகக்கூடாது.

புயலுக்கு யாரும் பொறுப்பாக முடியாது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது என்றால் அதற்காகக் கடலின் மேல் வழக்குப் போட முடியாது. ஆனால் காற்றழுத்தம் இருப்பது தெரிந்தும் ஒருவர் கூண்டு ஏற்றாமல் விட்டிருந்தால்? டோக்கனைக் கொடுத்து அனுப்பியும் விட்டிருந்தால்? அப்போது கேள்வி புயலைப் பற்றியதாக இருக்காது. கூண்டைப் பற்றியதாக இருக்கும்.

சட்டம் இதற்குக் கவனக் கடமை என்று பெயர் வைத்திருக்கிறது. நம் செயலாலோ செயலின்மையாலோ அடுத்தவருக்குக் கெடுதல் வரும் என்றால், நியாயமான அளவு முன்யோசனையோடு நடந்துகொள்ள வேண்டிய கடமை. இந்தக் கடமை எப்போது வலுவாகிறது? ஆபத்து முன்னறியத்தக்கதாக இருக்கும்போது. அதாவது, சாதாரண அறிவுள்ள ஒருவர் "இது நடக்கலாம்" என்று முன்பே ஊகிக்கக்கூடிய நிலை.

"காட்டில் எங்கோ கரடி இருக்கிறது" என்பது எல்லோருக்கும் தெரிந்த பொதுத் தகவல். அதற்காக ஒவ்வொரு மரத்திலும் பலகை கட்ட முடியாது. "இன்று காலையில், இதே இடத்தில், கூடாரத்தில் இருந்த ஒருவரைத் தாக்கிய கரடி இன்னும் அகப்படவில்லை" என்பது வேறு ரகத் தகவல். இது ஒரு சிலருக்கு மட்டும் தெரியும். வருகிறவர்களுக்குத் தெரிய வழியில்லை. சொல்வதற்கு ஆகிற செலவு ஓர் அட்டையும் ஒரு கயிறும். எனக்கு இந்த வழக்கில் மிகவும் உறுத்துவது அந்தக் கயிறுதான். நாய்களைக் கொண்டுவந்து பகல் முழுக்கத் தேடிய ஆட்கள் சோம்பேறிகள் இல்லை. கரடியைப் பிடிப்பதுதான் வேலை என்று நினைத்தார்கள். வருகிறவர்களிடம் சொல்வதும் வேலைதான் என்பது அன்றைக்கு யார் கணக்கிலும் ஏறவில்லை.

ஆகவே யார் பொறுப்பு என்று கேட்கும்போது மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: யாருக்குத் தெரிந்திருந்தது, யாரால் தடுத்திருக்க முடியும், தடுக்க எவ்வளவு செலவாகியிருக்கும். தகவலும் அதிகாரமும் யார் கையில் கூடுதலாக இருந்ததோ அவர் பங்கு கூடும்.

பங்கு போடுதல்

பங்கு என்றுதான் சொல்கிறேன். கடலுக்குப் போய் வந்த படகில் டீசல் செலவு கழித்து மீதியை உரிமையாளருக்கும் கூட வந்தவர்களுக்கும் பங்கு போடுகிறோம். யாரோ ஒருவருக்கே எல்லாம் என்பது கிடையாது. தவறையும் நீதிமன்றங்கள் இப்படிப் பங்கு போடும்.

யூட்டா வழக்கில் 2011-இல் மத்திய நீதிமன்ற நீதிபதி பங்கு போட்டார். மத்திய வனத்துறைக்கு 65 சதவீதம். மாநில வனவிலங்குத் துறைக்கு 25 சதவீதம். மீதி 10 சதவீதம் குடும்பத்துக்கு. கூடாரத்துக்குள் ஒரு தின்பண்ட உறையும் ஒரு குளிர்பான டின்னும் இருந்தன என்பது காரணம். இழப்பு மொத்தம் 19.5 லட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள்.

அந்தப் பத்து சதவீதத்தைப் பலர் கொடுமை என்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் மிட்டாய் உறையைக் காட்டுவதா? எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. பிறகு யோசித்தால், அந்த எண் தண்டனையாகச் சொல்லப்பட்டது கிடையாது, கணக்காகச் சொல்லப்பட்டது. பாதிக்கப்பட்டவர் பக்கமும் கவனக்குறைவு கொஞ்சம் இருந்தால் அதைக் கழிப்பதற்குப் பெயர் பங்களிப்புக் கவனக்குறைவு. அதைவிட முக்கியம், அது பத்தோடு நின்றதுதான். உறை உள்ளே இருந்தது, ஆகவே எல்லாம் உங்கள் தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. டீக்கடை சொல்லியிருக்கும்.

மாநில அரசு வேறொரு வாதமும் வைத்தது. நிலத்தின் இயற்கையான தன்மையால் வரும் கேட்டுக்கு அரசு பொறுப்பில்லை என்று அங்கே ஒரு சட்டவிதி இருக்கிறது. கரடியும் இயற்கைதானே என்றார்கள். 2013-இல் யூட்டா உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மலை, ஆறு, ஏரி போல நிலத்தோடு ஒட்டிக் கிடப்பதுதான் நிலத்தின் தன்மை. கரடி நடமாடுகிற உயிர் என்றது. எங்கள் கடலில் பார் இருக்கிறது, தண்ணீருக்குள் கிடக்கிற பாறைத்திட்டு. தலைமுறை தலைமுறையாக அதே இடத்தில் கிடக்கும். எந்த இடத்தில் பார் என்று தெரியாமல் படகை ஏற்றினால் அது படகோட்டியின் குற்றம். இன்று காலை வந்த ஒன்றை அந்தப் பாரோடு சேர்த்துப் பேச முடியாது.

நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு

ஒரு சின்னக் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நம் மாநிலத்தில் வனவிலங்கு தாக்கி ஒருவர் இறந்தால் அரசு குடும்பத்துக்கு ஒரு தொகை தரும். உடனே "பணம் கொடுத்துட்டாங்க, அப்ப தப்பு அவங்க மேலதான்" என்று பேச்சு வரும். அது நிவாரணம், யார் தவறு என்று பார்க்காமல், குடும்பம் நடுத்தெருவில் நிற்கக்கூடாது என்பதற்காகக் கொடுப்பது. இழப்பீடு என்பது தவறு யாருடையது என்று தீர்மானித்த பிறகு வருவது. முதலாவதை வாங்கிக்கொள்வதால் யார் குற்றமும் நிரூபணமாகிவிடாது.

நம் மலையும் நம் கரையும்

நம் ஊர்ப்பக்கம் இந்தக் கேள்வி பெரும்பாலும் அரசோடு நிற்பதில்லை. நடுவில் ஒரு கூடாரக்காரர் இருக்கிறார். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் ஒரு தனியார் விடுதியின் கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண் யானை தாக்கி இறந்தார். விடுதியின் உரிமையாளரும் மேலாளரும் கைதானார்கள். யானை வருகிற இடத்தில் துணிக்கூடாரத்தை வாடகைக்கு விட்டால், "யானை காட்டு விலங்குதானே" என்று கையைக் கழுவ முடியாது. அந்த இடத்தில் என்ன வரும், எந்த நேரத்தில் வரும் என்பது வாடகை வாங்குகிறவருக்குத் தெரியும், கொடுக்கிறவருக்குத் தெரியாது. பாம்பன் கூண்டு அவர் கையில் இருக்கிறது.

2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே கொன்றது விலங்கு இல்லை; ஆனால் கேள்விகள் இதேதான். கோடையில் தீ வரும் என்று யாருக்குத் தெரியும், யார் அனுமதி கொடுத்தது, யார் அழைத்துப் போனது? அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. 2024-இல் வனத்துறை 40 தடங்களை அறிவித்து, ஆன்லைனில் பதிவு, உள்ளூர் வழிகாட்டி என்று ஏற்பாடு செய்தது. டோக்கன் முறைதான், மலையில்.

எங்கள் கரைக்கும் இப்போது கூடாரம் வந்துவிட்டது. அரியமான் பக்கம் சவுக்குத் தோப்பு ஓரமாகத் துணிவீடு கட்டிப் படுக்கிறார்கள். நாங்கள் பெண்கடல் என்று சொல்கிற பாக் நீரிணைப் பக்கம் அலை இல்லை, குளம் மாதிரி கிடக்கிறது என்று ராத்திரி இறங்கிக் குளிக்கிறார்கள். உடம்பில் பட்டால் எரிகிற சொறி மீன் (ஜெல்லி மீன்) மிதக்கிற நாளா என்று கேட்பதில்லை. ஆண்கடல் என்கிற மன்னார் வளைகுடாப் பக்கம், அரிச்சல்முனையில், குளிக்காதே என்று பலகை இருந்தும் செல்ஃபிக்காக இடுப்பளவு போகிறார்கள். பொரித்த மீனின் முள்ளையும் தலையையும் கூடாரத்து வாசலிலேயே போட்டுவிட்டு, ராத்திரி தெருநாய் கூட்டமாக வந்தது என்று காலையில் புகார் சொல்கிறார்கள். 1986 முதல் தேசியப் பூங்காவாக இருக்கிற மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ஒன்றுக்கு "யாரும் இல்லாத தீவு" என்று படகு பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் போவது குற்றம் என்று படகுக்காரருக்குத் தெரியும், வருகிறவருக்குத் தெரியாது.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: இன்று சொறி மிதக்கிறது என்று காலையில் வலை இழுத்தவருக்குத் தெரியும். கூடாரம் வாடகைக்கு விடுகிறவர் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால் அவருடைய பங்கில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். சொல்லியும் இறங்குகிறவரின் பங்கு அதற்கப்புறம் தொடங்குகிறது.

தூக்குவாளிக்குத் திரும்புவோம்

மண்டபத்துத் திண்ணையில் நான் மருமகனிடம் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கரடியின் மூக்கு நாயின் மூக்கைத் தோற்கடிக்கும். அதற்குக் கருவாடு மட்டும் சாப்பாடு கிடையாது. பற்பசை, சோப்பு, பிஸ்கட் உறை, சமைத்தபோது போட்டிருந்த சட்டை எல்லாமே "இங்கே ஏதோ இருக்கிறது" என்ற செய்திதான். ஆகவே வாசனை உள்ள எதுவும் படுக்கிற இடத்தில் வேண்டாம். சமைப்பதும் சாப்பாட்டை வைப்பதும் கூடாரத்திலிருந்து 90 மீட்டராவது தள்ளி என்பது அமெரிக்கக் காடுகளில் சொல்கிற கணக்கு. புதிய பாம்பன் ரயில் பாலத்தில் கப்பலுக்காக மேலே தூக்குகிற பகுதி 72.5 மீட்டர். அதைவிடக் கொஞ்சம் கூட என்று வைத்துக்கொள்.

"மாமா, அங்க ஸ்ப்ரே எல்லாம் வச்சிருப்பாங்களாமே?" என்றான். இருக்கிறது. அதில் இருப்பது காப்சைசின், மிளகாய்க்குக் காரம் கொடுக்கிற பொருள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ராமநாதபுரம் முண்டு மிளகாயிலும் அதுதான் இருக்கிறது. பாய்ந்து வருகிற கரடியின் முகத்தில் அடித்தால் வேலை செய்யும். கொசு மருந்து மாதிரி கூடாரத்தின் மேலேயே அடித்து வைத்தால் பலன் நேர்மாறு. காய்ந்த பிறகு அந்த வாசனைக்கே கரடி மோந்து பார்க்க வரும். அக்கா உள்ளேயிருந்து, "அப்ப வத்தல் கொஞ்சம் பையில போடவா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

கூடாரக்காரரிடம் மூன்று கேள்வி கேட்கச் சொல்லி அனுப்பினேன். இந்த வாரம் இங்கே ஏதாவது விலங்கு வந்ததா? சாப்பாட்டை எங்கே வைக்க வேண்டும்? ராத்திரி ஏதாவது என்றால் யாரைக் கூப்பிட வேண்டும்?

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. முதல் கேள்விக்குக் கூடாரக்காரர், "அதெல்லாம் ஒண்ணும் வராது தம்பி, தைரியமா இருங்க" என்றாராம். பக்கத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த சமையல்கார அம்மாவிடம் இவன் தனியாகக் கேட்டிருக்கிறான். முந்தாநாள் ராத்திரி காட்டுமாடு இரண்டு கூடாரத்துக்கு நடுவே நடந்து போனதாகவும், கீழே குப்பைத் தொட்டியை எதுவோ கவிழ்த்துப் போட்டிருந்ததாகவும் அந்த அம்மா சொன்னார்களாம். கவிழ்த்தது எது என்று அவர்களும் பார்க்கவில்லை. பையன்கள் கூடாரத்தை இரண்டையும் சேர்த்து, சமையல் கொட்டகையை விட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். தூக்குவாளியைக் கீழே சாலையோர டீக்கடையில், கடை மூடும்போது பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு ராத்திரியும் எதுவும் வரவில்லை. தூக்குவாளி பாதி காலியாகத் திரும்பி வந்தது. டீக்கடைக்காரருக்கு நெத்திலி மிகவும் பிடித்துப்போயிருந்ததாம்.